முப்பதுக்கு இருபத்தெட்டு

ஜூன் 12, திங்கள்

இவர் சட்டைப் பையைத் துழாவாமல் போட்டிருந்தால் வாஷிங் மெஷின் இன்றோடு ஒழிந்திருக்கும். உள்ளே இரண்டு ஃபியூஸ் கட்டைகள். உள்ளங்கை நிறையும் வெள்ளைப் பீங்கான், ஒன்றின் விளிம்பில் எண்ணெய்க் கறை. நூல் மில்லில் இருக்க வேண்டிய சாமான் என் வீட்டு அழுக்குக் கூடைக்கு ஏன் வருகிறது? இருபது நாளில் இது மூன்றாவது தடவை.

கட்டைக்கு ஒரு முறை உண்டு. மில்லில் பழுதுபார்க்கவோ சுத்தம் செய்யவோ ஓர் ஆள் மிஷினுக்குள் கை விடுவதற்கு முன், எலக்ட்ரிக்கல் ஃபோர்மேனான இவர் அந்த மிஷினின் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். பிறகு எவன் சுவிட்சைத் தட்டினாலும் மிஷின் ஓடாது. "தைரியமா உள்ள போ தம்பி, கட்டை என் பையில இருக்கு" என்பார். முப்பத்தோரு வருஷமாக இதே வார்த்தை. உள்ளே போன ஆள் வெளியே வந்து கண் முன்னால் நின்ற பிறகுதான் கட்டை திரும்ப ஏறும். போன மாசம் வரை பையிலேயே மறந்து வீட்டுக்கு எடுத்துவந்தது கிடையாது.

கேட்டால், "அட, ஆமால்ல?" என்று சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரே ஃபோர்மேன் தலையில் மூன்று ஷிப்டையும் கட்டினால் கட்டை வீட்டுக்கு வராமல் எங்கே போகும்? மில்காரர்களைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஜூன் 13

கட்டைகளை மஞ்சப்பையில் சுற்றி ஜெயமுருகனிடம் கொடுத்தனுப்பினேன். இவருக்குக் கீழே ஹெல்பராக இருக்கிறவன், அடுத்த தெரு. சைக்கிளில் இந்த வழியாகத்தான் மில்லுக்குப் போவான்.

"இருந்த இடத்துல வச்சிரு. யாருக்கும் தெரிய வேண்டாம்" என்றேன்.

"அண்ணாச்சி பேரு கெடுற மாதிரி நான் ஒண்ணும் செய்ய மாட்டேன் டீச்சர்."

போன வாரம்தான் இவன் மகள் தர்ஷினியை டியூஷனை விட்டுத் துரத்தியிருந்தேன். காம்பஸ் பாக்ஸுக்குள் பிட் பேப்பர். இருபத்தாறு வருஷமாகப் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு சொல்லித் தருகிறேன். செண்பகவல்லி டீச்சரிடம் படித்து ஃபெயிலானவரும் இல்லை, காப்பியடித்துப் பாஸானவரும் இல்லை. இந்த ராஜபாளையத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்கலாம்.

இன்று சாயங்காலம் தர்ஷினியைத் திரும்பச் சேர்த்துக்கொண்டேன். பிள்ளைகளை ரொம்பத்தான் தண்டிக்கக் கூடாது.

ஜூன் 25, ஞாயிறு

சுபா கோயம்புத்தூரிலிருந்து வந்தாள். அங்கே ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை. "எப்பம்மா வந்த, பஸ்ஸா ரயிலா?" என்று அப்பா நாலு தடவை கேட்டதை விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள். நான் பெற்ற பிள்ளை என் வீட்டுக்கே சி.ஐ.டி.

மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆய்வு நடக்கிறதாம். என்னைக் கேட்காமலே அப்பா பெயரைக் கொடுத்துவிட்டாள்.

"அல்சைமர்னு ஒரு நோய்ம்மா. மறதி வெளிய தெரியறதுக்குப் பல வருஷம் முன்னாடியே மூளையில மாற்றம் ஆரம்பிச்சிரும். படம் எடுத்தா அதைச் சீக்கிரமே பாத்துரலாம். முதல்ல கேள்வி கேப்பாங்க, முப்பது மார்க். இருபத்தஞ்சுக்குக் கீழ வந்தவங்களைத்தான் சேத்துக்கிட்டு மூளையைப் படம் எடுப்பாங்க."

"ஃபெயிலானாத்தான் சீட்டா? நல்ல காலேஜ்டி அது."

"விளையாடாதம்மா. அலமாரியில ஃபியூஸ் கட்டையைப் பாத்தேன். இன்னைக்கு மறந்து எடுத்துட்டு வர்றாரு. நாளைக்கு மிஷினுக்குள்ள ஆள் இருக்கும்போது மறந்து செருகிட்டா?"

அந்த வார்த்தையை என் வீட்டில் உட்கார்ந்து, நான் போட்ட சோற்றைத் தின்றுகொண்டே சொன்னாள். தட்டை எடுத்து சிங்க்கில் எறிந்தேன். எறியவில்லை, கொஞ்சம் சத்தமாக வைத்தேன்.

இவர் பாட்டுக்கு ரசத்தை உறிஞ்சிவிட்டு, "படம் எடுத்துப் பாத்துருவோமே செம்பா. மோட்டார்ல சத்தம் வந்தா மூடியைக் கழட்டிப் பாக்கத்தானே செய்றோம்?" என்றார்.

மூடியைக் கழற்றுகிறாராம். ரிட்டயர் ஆக இன்னும் இருபது மாதம். மாலை போட்டு, மில் காரிலேயே வாசல்வரை கொண்டுவந்து விட்டு, தெருவே வேடிக்கை பார்க்க வேண்டும். அதற்குள் மறதி நோய் என்று ஒரு காகிதம் வந்தால் மறுநாளே மில் கேட்டில் நிறுத்திவிடுவார்கள். அது யாருக்காவது உறைக்கிறதா?

ஜூலை 3, திங்கள்

மதுரை. திருமங்கலம் வரை நின்றுகொண்டே போனோம்.

வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு சின்னப் பெண் கேள்வி கேட்டாள். என்ன தேதி, என்ன கிழமை, எந்த ஊர், எத்தனையாவது மாடி. கடிகாரம் வரைந்து நாலே கால் மணி காட்டச் சொன்னாள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைக்கச் சொன்னாள். நடுவில் ஐந்து வார்த்தை சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துக் கேட்பேன் என்றாள். குடை, நெல்லிக்காய், கதவு, மஞ்சள், ஏணி.

கடிகாரத்தில் முள்ளை எங்கே வைப்பது என்று இவர் யோசிக்கிறார். முப்பத்தோரு வருஷம் ஷிப்டு பார்த்த மனுஷன். நான் லேசாக மேஜையில் விரலை வைத்துக் காட்டினேன். அதற்கு அந்தப் பெண், "அம்மா, நீங்க சொல்லிக் குடுக்கக் கூடாது" என்கிறாள். எனக்கு! யார் யாரிடம் சொல்வது?

ஐந்து வார்த்தையில் இவருக்குக் குடை மட்டும் வந்தது. மற்றதற்கு என் முகத்தைப் பார்த்தார். அவர் அப்படி என்னைப் பார்த்து நான் பார்த்ததில்லை.

"ரெண்டு நாளா இருமல் டானிக் குடிக்கிறாக. அதுல தூக்க மருந்து இருக்கு" என்று சொன்னேன். பொய்யில்லை, நேற்று ஒரு மூடி குடித்தார். அந்தப் பெண் யாரிடமோ போனில் கேட்டுவிட்டு, இந்தத் தேர்வு செல்லாது, மூன்று வாரம் கழித்து வாருங்கள் என்றாள்.

மூன்று வாரம். போதும்.

ஜூலை 5

காய் நறுக்கும்போது அந்த ஐந்து வார்த்தையைக் கொஞ்சம் ஞாபகப்படுத்தினேன். அவ்வளவுதான். தெரிந்த பாடத்தைத் திருப்பிப் பார்ப்பதற்குப் பெயர் ரிவிஷன்.

ஜூலை 9, ஞாயிறு

தனித்தனி வார்த்தையாகக் கொடுத்தால் நிற்கவில்லை. எந்தப் பிள்ளைக்கும் நிற்காது. கதையாகக் கோத்துக் கொடுத்தேன். "குடை பிடிச்சவன் நெல்லிக்காய் தின்னான், கதவைத் திறந்தான், மஞ்சள் ஏணியில ஏறினான்." காலையில் பல் விளக்கும்போது ஒரு தடவை, சாப்பாட்டுக்கு முன் ஒரு தடவை, செருப்பு மாட்டும்போது ஒரு தடவை. சொன்னால்தான் காப்பி.

"எதுக்கு ஏணியில ஏறினான்?" என்று கேட்கிறார்.

"உங்க உயிரை வாங்கத்தான்."

ஜூலை 14

தொண்ணூத்து மூணு, எண்பத்தாறு, எழுபத்தொன்பது, எழுபத்திரெண்டு, அறுபத்தஞ்சு. இன்று தடுக்காமல் சொன்னார். நாலே கால் மணிக் கடிகாரம் ஒரு நோட்டு முழுக்க வரைந்தாயிற்று.

ஜூலை 20

வேப்பங்காய் கடித்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "இது பரீட்சையா செம்பா? உள்ளது உள்ளபடி சொன்னாத்தானே படம் எடுப்பாக" என்றார்.

"தோத்துட்டு வர்றதுக்கா மதுரைக்கு டிக்கெட் எடுக்கிறோம்?"

அவர் வாயைத் திறப்பதற்குள், "குடை பிடிச்சவன்?" என்றேன். மீதியைச் சொன்னார்.

ஜூலை 24, திங்கள்

முப்பதுக்கு இருபத்தெட்டு!

அதே பெண், அதே கேள்வித்தாள், அதே ஐந்து வார்த்தை. இந்தத் தடவை என்னை வெளியே உட்கார வைத்தார்கள். கண்ணாடிக் கதவு வழியாக இவர் உதடு அசைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு மார்க் எங்கே போனது என்று கேட்டேன். எத்தனையாவது மாடி என்பதையும் கிழமையையும் விட்டுவிட்டாராம். திங்கள்கிழமை என்று பஸ்ஸில் மூன்று தடவை சொன்னேனே!

"வயசுக்கு ரொம்ப நல்லா இருக்காரு. ஆய்வுக்குத் தேவைப்பட மாட்டாரு, ஸ்கேன் வேண்டாம்" என்று காகிதம் கொடுத்துவிட்டார்கள். திருமங்கலம் தாண்டும்வரை அதை மடியில் விரித்து வைத்துக்கொண்டு வந்தேன். சுபாவுக்குப் படம் பிடித்து அனுப்பினேன். பதில் இல்லை. அவளுக்கு என்ன, அப்பா ஃபெயிலாக வேண்டுமா?

வீட்டுக்கு வந்து கேசரி கிண்டி டியூஷன் பிள்ளைகளுக்கெல்லாம் கொடுத்தேன். தர்ஷினி இரண்டு தடவை வாங்கிக்கொண்டாள்.

செப்டம்பர் 6

மறுபடி கட்டை. ஜெயமுருகனிடம் கொடுத்தனுப்பினேன்.

செப்டம்பர் 19

கட்டை. ஜெயமுருகன். மூட்டு வலிக்கு மருந்து வாங்க மறந்துவிட்டேன். யாருக்குத்தான் மறதி இல்லை?

அக்டோபர் 9

கட்டை. "டீச்சர், அண்ணாச்சி கொஞ்சம் ஒரு மாதிரியா இருக்காரு. மதுரையில காட்டுனீகளே, என்ன சொன்னாக?" என்று கேட்டான் ஜெயமுருகன்.

இருபத்தெட்டு மார்க் காகிதத்தைக் காட்டினேன். இங்கிலீஷ் காகிதத்தை இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்துவிட்டு, "அப்பச் சரிதான் டீச்சர். நான்தான் பயந்துட்டேன்" என்று போனான்.

நவம்பர் 2

ஒரே வாரத்தில் இரண்டு கட்டை. கத்தித் தீர்த்துவிட்டேன். "பையில என்ன இருக்குன்னுகூடப் பாக்க மாட்டீகளா? கண்ணென்ன பொட்டையா?" அவர் கட்டிலில் உட்கார்ந்து வெறும் பையைத் தடவிக்கொண்டிருந்தார். கத்தியிருக்கக் கூடாது.

கடைசியில் ஒரு சீட்டு எழுதி, சட்டைப் பையில் வைத்து அனுப்பினேன். சிவப்பு மை, கொட்டை எழுத்து.

நவம்பர் 30

நான்கு வாரமாகத் தினமும் சீட்டு பையில் போகிறது, ஒரு கட்டைகூட வீட்டுக்கு வரவில்லை. சொல்லித் தருகிறபடி சொல்லித் தந்தால் எது வராது?

பிப்ரவரி 21, புதன்

ஜெயமுருகனுக்கு அடிபட்டுவிட்டது. பஞ்சைச் சிக்கெடுக்கிற கார்டிங் மிஷினுக்குள் கை விட்டு, அடைத்த பஞ்சை எடுத்துக்கொண்டிருந்தானாம். மிஷின் ஓடிவிட்டது. வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது.

மதியம் மூன்று மணிக்கு இவரை மில் வேனில் கொண்டுவந்து விட்டார்கள். சட்டை முன்பக்கம் பூராவும் ரத்தம். அவனைத் தூக்கியது இவர்தானாம். நாற்காலியில் உட்கார்ந்து, "உள்ள யாரு இருந்தா செம்பா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

சட்டையை உப்புத் தண்ணீரில் ஊறவைத்தேன். பையில் ஒரு காகிதம் இருந்தது. கேஸ் அடுப்பில் காட்டி எரித்துவிட்டேன்.

பிப்ரவரி 24

ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போய் ஜெயமுருகனைப் பார்த்தேன். கை முழுக்கக் கட்டு. "அண்ணாச்சி எப்படி இருக்காரு?" என்பதுதான் அவன் முதல் வார்த்தை. எழுந்து வந்துவிட்டேன்.

மார்ச் 4

மில் விசாரணை முடிந்ததாம். ஃபோர்மேன் உத்தரவில்லாமல் ஜெயமுருகன் கை விட்டான், தப்பு அவனுடையது என்று எழுதிவிட்டார்கள். இனி அவனை உள்ளே விட மாட்டார்களாம். இவரைக் கேட்டதற்கு "ஞாபகம் இல்லையே" என்றாராம். நீண்ட ஓய்வு எடுத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்கள். என்ன ஜென்மங்கள்!

மார்ச் 18, திங்கள்

சுபா விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து, என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் அப்பாவை மதுரைக்குக் கூட்டிப்போனாள். நானும் பின்னாலேயே ஏறி உட்கார்ந்தேன்.

ஸ்கேன் அறைக்குள் உலோகம் எதுவும் போகக் கூடாதாம். உள்ளே இருக்கும் காந்தம் அப்படி. மோதிரம், கண்ணாடி, பெல்ட் எல்லாம் வாங்கினார்கள். பிறகு அரைஞாண். கல்யாணமான வருஷம் போட்ட வெள்ளிக் கொடி, கொக்கி இறுகிக் கழற்ற வரவில்லை.

"வெட்டிரலாம்மா" என்கிறான் அங்கே இருந்தவன்.

"ஆளு உசிரோட நிக்கும்போது அரைஞாணை அறுப்பாங்களாடா? அது எப்ப அறுக்கிறதுன்னு உங்க அம்மா சொல்லித் தரலையா?" என்று கத்தினேன். வராந்தாவில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். இவர் நிதானமாக, "தம்பி, கட்டிங் பிளேயர் இருக்கா?" என்று கேட்டு வாங்கி, சட்டையைத் தூக்கி, தானே ஒரே வெட்டில் அறுத்து என் கையில் வைத்தார். வயரை வெட்டுகிற மாதிரி.

முக்கால் மணி நேரம். உள்ளே டமடமவென்று சத்தம். வெளியே வந்து, "நல்ல மிஷின் செம்பா. மூடியைக் கழட்டாமலே உள்ள பாக்குது. போன வருஷமே பாத்திருக்கலாம்ல?" என்றார்.

நான் அரைஞாணை முந்தானையில் முடிந்துகொண்டிருந்தேன்.

மார்ச் 25, திங்கள்

டாக்டர் ரெஹானா. சுபாவைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார். இரண்டு படத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். ஒன்று இதே வயதுள்ள வேறு ஆளுடையது. மூளையின் அடியில் இரண்டு பக்கமும் சுண்டுவிரல் அளவுக்கு ஒரு பகுதி. புது ஞாபகத்தைச் சேர்த்து வைக்கிற இடம் அதுதானாம். அந்த ஆளுக்கு ஊறவைத்த கொண்டைக்கடலை மாதிரி உப்பி இருந்தது. இவருக்குச் சுண்டிப்போய், சுற்றிலும் கறுப்பாகக் காலி இடம். ஊசி போட்டு எடுக்கிற இன்னொரு படமும் எடுத்து உறுதிப்படுத்த வேண்டுமாம். ஆனாலும் ஆரம்ப நிலை தாண்டிக்கொண்டிருக்கிறது என்றார்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"எட்டு மாசம் முன்னாடி இதே ஆஸ்பத்திரிக்கு வந்தோம். அப்ப என்னத்தக் கிழிச்சீக? ஒண்ணுமில்லைன்னு காகிதம் குடுத்தீகளே! அன்னைக்கே இந்தப் படத்தை எடுத்திருந்தா?"

"எடுத்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்மா. இந்தச் சுருக்கம் எட்டு மாசத்துல வர்றதில்ல. நோயை நிறுத்தியிருப்போம்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா அவரை மிஷின் பக்கம் போக விட்டிருக்க மாட்டோம்." டாக்டர் பழைய தாளைப் புரட்டினார். "அன்னைக்கு இருபத்தெட்டு எடுத்திருக்காரு. இந்தப் படத்துக்கும் அந்த மார்க்குக்கும் ஒட்டவே இல்ல. அதுதான் எனக்குப் புரியல."

மறுபடி கேள்வி கேட்டார். இந்தத் தடவை புது வார்த்தைகள். படகு, முறுக்கு, கண்ணாடி, நீலம், மணி. ஐந்து நிமிஷம் கழித்து, "ஐயா, நான் சொன்ன அஞ்சு வார்த்தை?"

இவர் முகம் மலர்ந்துவிட்டது. ஸ்கூல் பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து, "குடை பிடிச்சவன் நெல்லிக்காய் தின்னான், கதவைத் திறந்தான், மஞ்சள் ஏணியில ஏறினான்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "சரியா டீச்சர்?" என்று கேட்டார்.

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். சுபா என்னைப் பார்த்தாள்.

"ரெண்டாந்தடவையும் அதே கேள்வித்தாளைக் குடுத்தது எங்க தப்பு" என்றார் டாக்டர். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

மார்ச் 26

ஒரே கேள்வித்தாளை இரண்டு தடவை கொடுப்பார்களாம். தப்பை ஒத்துக்கொண்டால் ஆயிற்றா? இவர்களெல்லாம் ஒரு டாக்டர்!

மார்ச் 27

நேற்று எழுதியதைப் படித்தேன். அடித்துவிடலாம் என்று பேனாவை எடுத்தேன். இருக்கட்டும். என் யோக்கியதைக்கு அது சாட்சி.

மார்ச் 29, வெள்ளி

எழுதிவிடுகிறேன்.

நவம்பரில் அவர் பையில் வைத்த சீட்டில் நான் எழுதியது இதுதான்: "பையில் கட்டை இருந்தால் உடனே செருகவும்."

கட்டை வீட்டுக்கு வரக் கூடாது, யாருக்கும் தெரியக் கூடாது. எனக்கு அது ஒன்றுதான் கணக்கு. கட்டை பையில் இருப்பதே உள்ளே ஓர் ஆள் இருப்பதால்தான் என்பது எனக்குத் தெரியாதா? இந்த நோட்டின் முதல் பக்கத்தில் என் கையாலேயே எழுதி வைத்திருக்கிறேன். அன்றைக்கு அவர் வழக்கம்போலக் கட்டையைப் பிடுங்கிப் பையில் போட்டிருக்கிறார். ஜெயமுருகனை உள்ளே அனுப்பியிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் அனுப்பியது மறந்துவிட்டது. பையில் கை விட்டிருக்கிறார், கட்டை இருந்திருக்கிறது, கூடவே சீட்டு. மறதி பிடித்த மனுஷன் டீச்சர் சொன்னதை மட்டும் மறக்காமல் செய்துவிட்டார்.

பதினாலு வயதுப் பிள்ளையின் காம்பஸ் பாக்ஸில் இருந்த பிட்டைத் தெரு கேட்கக் கத்திப் பிடித்தவள் நான். என் புருஷன் பையில் பிட் வைத்தவளும் நான்தான். அதை எரித்தவளும் நான்தான்.

மில்லைத் திட்டினேன், அந்த வெள்ளைக் கோட்டுப் பெண்ணைத் திட்டினேன், சுபாவை, டாக்டரை, ஸ்கேன் அறைப் பையனைத் திட்டினேன். ஒன்பது மாதமாக யார் மேல் கோபம் என்று இன்றைக்குத்தான் தெரிகிறது. எனக்குப் பயமாக இருந்தது. அந்த நோயின் பேரை ஒருத்தர் வாயால் சொல்லிவிட்டால், என்னோடு முப்பது வருஷம் வாழ்ந்த மனுஷன் போய் ஒரு நோயாளி வந்து உட்கார்ந்துவிடுவார் என்று பயம். அவர் படம் எடுங்கள் என்று கேட்டார். வாயை அடைத்தேன்.

ஏப்ரல் 2

சுபாவிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். "அப்பாவைத் திட்டாம பாத்துக்கோ" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். அவள் என்னைத் திட்டியிருக்கலாம்.

ஏப்ரல் 5

இவர் காலையில் எழுந்து காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, பையைத் தடவித் தடவிப் பார்க்கிறார். "கட்டை எங்க? உள்ள ஆளு இருக்கான் செம்பா, கட்டை எங்க?" என்று வீடெல்லாம் தேடுகிறார்.

அலமாரி மூலையில், திருப்பி அனுப்பாமல் விட்ட பழைய கட்டை ஒன்று கிடந்தது. எடுத்துப் பையில் போட்டேன். மேலாகத் தட்டிப் பார்த்துவிட்டு அமைதியாக உட்கார்ந்துவிட்டார். இனி அது அங்கேயே இருக்கட்டும்.

ஏப்ரல் 8

பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்தது. தர்ஷினி கணக்கை நன்றாக எழுதியிருப்பதாக மற்றப் பிள்ளைகள் சொன்னார்கள். அப்பாவுக்கு அடிபட்ட பிறகு அவள் என் வீட்டுக்கு வரவில்லை.

ஏப்ரல் 10, புதன்

கடிதத்தை மூன்று பிரதி எழுதினேன். நீல மையில்.

"சென்ற ஜூலையில் என் கணவர் வாங்கியதாகப் பதிவான இருபத்தெட்டு மதிப்பெண் அவருடையது அல்ல, என்னுடையது. கேள்விகளை முன்பே தெரிந்துகொண்டு மூன்று வாரம் மனப்பாடம் செய்வித்தேன். அவருக்குப் படம் எடுக்க விடாமல் செய்தது நான். பிப்ரவரி 21 அன்று அவர் கட்டையைச் செருகியது நான் எழுதிக்கொடுத்த சீட்டைப் பார்த்து. ஜெயமுருகன் முறைப்படி உத்தரவு வாங்கித்தான் கை விட்டிருப்பார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை." கீழே கையெழுத்து, முழுப் பெயர், விலாசம்.

டாக்டருக்கும் மில்லுக்கும் உள்ளதைக் காலையிலேயே பதிவுத் தபாலில் சேர்த்துவிட்டேன். போகிற வழியில் எனக்கு மனசு மாறிவிடக் கூடாது. என்னை எனக்குத் தெரியும். மூன்றாவதை எடுத்துக்கொண்டு சாயங்காலம் ஜெயமுருகன் வீட்டுக்குக் கிளம்பினேன். இவரைத் தனியாக விட முடியாது, கூட்டிக்கொண்டு போனேன். தெருமுனையில் பெட்டிக்கடைக்காரர், "என்ன அண்ணாச்சி, ட்யூட்டிக்கா?" என்று கேட்டார். இவர் ஆமாம் என்று தலையாட்டினார்.

அவர்கள் வீட்டு வாசலில் கோலம் போட்டிருந்தது. உள்ளே டிவி சத்தம். ஜன்னல் வழியாக, இடது கையால் சட்டைப் பொத்தானைப் போட முயன்றுகொண்டிருந்த ஜெயமுருகனின் முதுகு தெரிந்தது. இருபத்தாறு வருஷம் பிள்ளைகளை நிற்கவைத்துக் கேள்வி கேட்டவள், படி ஏற முடியாமல் நின்றேன். திரும்பிப் போய்விடலாம், கடிதத்தைக் கதவுக்கு அடியில் தள்ளிவிடலாம் என்றெல்லாம் தோன்றியது. வியர்வையில் காகிதம் கையோடு ஒட்டிக்கொண்டது.

இவர் என் முகத்தைப் பார்த்தார். அன்றைக்கு மதுரையில், வார்த்தை வராமல் என்னைப் பார்த்தாரே, அப்போது என் முகத்தில் தேடியது கிடைத்துவிட்ட மாதிரி இருந்தது. சட்டைப் பையை இரண்டு தட்டு தட்டினார்.

"தைரியமா உள்ள போ செம்பா. கட்டை என் பையில இருக்கு."

கதவைத் தட்டினேன். தர்ஷினிதான் திறந்தாள்.